ஆமைக்கு எதற்கு ஹெல்மெட்? அணுகுண்டுக் காலப் பிரச்சாரத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பது எப்படி

2025 மே 7 அன்று நாடெங்கும் சிவில் பாதுகாப்பு ஒத்திகை நடந்ததே, அந்த வாரம் டிவியில் வடக்கே ஏதோ ஒரு பள்ளியில் பிள்ளைகள் மேசைக்கு அடியில் புகுவதைக் காட்டினார்கள். என் தம்பி மகனுக்கு அப்போது பத்து வயது. லீவுக்கு மதுரையில் எங்கள் வீட்டில் இருந்தான். அதைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்து என்னவோ தேடினான்; யூடியூப் அவனுக்கு ஒரு கறுப்பு வெள்ளை ஆமையைக் கொடுத்தது, அணுகுண்டு விழுந்தால் என்ன செய்வது என்று அமெரிக்கா அந்தக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு எடுத்த பிரச்சாரப் படம். கொஞ்ச நேரம் கழித்து சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அத்தை, ஆமைக்குத்தான் ஓடு இருக்கே, அப்புறம் எதுக்கு ஹெல்மெட்?"

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. "அப்புறம் சொல்றேன்" என்றேன். அந்த 'அப்புறம்' எனக்கே சரியாக விளங்க ஒரு மாதம் ஆனது. வீட்டில் டியூஷன் எடுக்கிறவள் நான். சனிக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் ஆறேழு பிள்ளைகளை உட்கார வைத்து இதைச் செய்து பார்த்தேன். இதுவரை நான்கு முறை. முதல் முறை சொதப்பினேன், அதையும் கீழே சொல்கிறேன். வீட்டிலோ வகுப்பிலோ ஊர் நூலகத்திலோ நீங்களும் செய்யலாம். செலவு ஒன்றும் இல்லை.

யாருக்கு, எப்போது

ஒன்பது வயதுக்குக் கீழே வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளை கூடவே வந்து மடியில் உட்கார்ந்தால் அதற்கு ஒரு கலர் பென்சில் டப்பாவைக் கொடுத்து உள்ளே அனுப்பிவிடுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொடங்கி வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் செய்யவே கூடாது.

முதல் முறை நான் ஹிரோஷிமா புகைப்படங்களில் தொடங்கினேன். உண்மையைக் காட்டிவிட்டால் பிரச்சாரம் தானாக அம்பலமாகிவிடும் என்று நினைத்துவிட்டேன். ஆறாவது படிக்கிற பெண்ணொருத்தி மூன்று நாள் விளக்கை அணைக்க விடவில்லையாம். நான்காம் நாள் அவள் அம்மா என் வாசலில் நின்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. இப்போதெல்லாம் நான் வாயால் சொல்வது இவ்வளவுதான்: 1945 ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா, ஆகஸ்ட் 9 நாகசாகி, அந்த ஆண்டு முடிவதற்குள் முதல் ஊரில் சுமார் 1,40,000 பேரும் இரண்டாவது ஊரில் 70,000 பேருக்கு மேலும் இறந்துபோனார்கள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். போதும்.

பட்டாசில் தொடங்குங்கள்

நான் சிவகாசிக்காரி. அப்பா ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டினார். பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டும் லேபிள்தான் அவருக்குச் சோறு போட்டது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அணுகுண்டு என்றால் பச்சை நூல் சுற்றிய வெடி. தீபாவளி லிஸ்டில் லட்சுமி வெடிக்குப் பக்கத்தில் இருக்கும். அதைவிடப் பெரியது ஹைட்ரஜன் பாம். பௌதிகப் புத்தகத்தில் அந்தச் சொற்களைப் பார்ப்பதற்குப் பத்து வருடம் முன்பே கையில் வைத்துத் திரி கிள்ளியிருக்கிறோம்.

அதனால் பிள்ளைகளிடம் முதலில் "ஆட்டம் பாம்னா என்ன?" என்று மட்டும் கேளுங்கள். எல்லாரும் வெடியைத்தான் சொல்வார்கள். சிரிப்பார்கள், எவ்வளவு சத்தம் என்று பீற்றுவார்கள். சிரித்து முடிக்கட்டும். ஒரு ஊரையே அழித்த பொருளின் பெயரைப் பத்து வயதுப் பிள்ளை விளையாடுகிற சாமானுக்கு ஏன் வைத்தார்கள் என்று அப்புறம் கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம். எங்கள் மாடியில் ஒரு பையன், "பயமா இருந்தாத்தானே மிஸ் வாங்குவாங்க" என்றான். எட்டாவது படிக்கிறான். அப்பா அடித்த லேபிள்களையெல்லாம் அவன் ஒரே வரியில் அடக்கிவிட்டான்.

ஆமைப் படமும் பட்டாசில்தான் தொடங்குகிறது என்பதால் இது நேராக அங்கே கொண்டுபோய் விடும்.

முதலில் சத்தமில்லாமல்

படத்தின் பெயர் 'டக் அண்ட் கவர்'. குனி, மூடிக்கொள் என்று அர்த்தம். சோவியத் யூனியன் 1949 ஆகஸ்ட் 29 அன்று தன் முதல் அணுகுண்டைச் சோதித்தது. அந்த அதிர்ச்சியில் அமெரிக்காவில் சிவில் பாதுகாப்புக்கென்று தனி நிர்வாகம் ஒன்றை அமைத்தார்கள். அவர்கள் 1951-ல் எடுத்து, 1952 ஜனவரியில் வெளியே காட்டிய ஒன்பது நிமிடப் படம் இது. பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே எடுத்தது. யாருக்கும் காப்புரிமை இல்லை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு முறை ஓட்டுங்கள். பிள்ளைகளிடம் நோட்டில் ஒன்றே ஒன்றை எழுதச் சொல்லுங்கள்: படத்தில் வருகிறவர்களின் கை என்ன செய்கிறது? கதை, நல்லவர், கெட்டவர் எதுவும் வேண்டாம். கை மட்டும்.

ஆமையின் பெயர் பர்ட். கழுத்தில் போ டை, தலையில் ஹெல்மெட். மரத்தில் ஒரு குரங்கு குச்சி நுனியில் வெடியைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வரும். பர்ட் ஓட்டுக்குள் போய்விடும். வெடித்ததும் மரம் மொட்டை, குரங்கைக் காணோம், ஆமைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு அப்புறம் நிஜப் பிள்ளைகள் வருவார்கள். வகுப்பில் மேசைக்கு அடியில் புகுவார்கள். சைக்கிளில் போகிற டோனி என்ற பையன் சட்டென்று குதித்துச் சுவரோரம் சுருண்டுகொள்வான். பிக்னிக்கில் அம்மா, பிள்ளைகள் மேல் விரிப்பை இழுத்து மூடுவார். அப்பாவின் கையில் ஒரு செய்தித்தாள். எங்கள் மாடியில் முதல் சிரிப்பு எப்போதும் அந்தச் செய்தித்தாளுக்குத்தான் வரும்.

எல்லா நோட்டிலும் ஒரே வரிதான் இருக்கும்: கை கழுத்துக்குப் பின்னால் போகிறது.

அதை வைத்துத்தான் நான் அடுத்த கேள்வியைக் கேட்பேன். இந்த முழு வேலைக்கும் ஆதாரமே அந்தக் கேள்விதான். "இந்தப் படம் உனக்கு என்ன வேலை கொடுக்குது?" பிரச்சாரம் என்றால் என்ன என்று வரையறை சொல்லி நான் நேரத்தை வீணாக்குவதில்லை. பயத்தைக் காட்டி, கூடவே ஒரு சின்ன வேலையையும் கையில் கொடுத்தால், அந்த வேலை யாருக்கு உதவுகிறது என்று பார்க்கச் சொல்கிறேன். செய்கிற பிள்ளைக்கா, கொடுத்தவருக்கா, இரண்டு பேருக்குமா?

இப்போது சத்தத்தோடு

இரண்டாம் முறை சத்தத்தை வையுங்கள். ஆங்கிலம் எளிமைதான், புரியாத இடத்தில் நிறுத்தி நீங்கள் தமிழில் சொல்லுங்கள். மூன்று இடத்தில் கட்டாயம் நிறுத்த வேண்டும்.

ஒன்று, தொடக்கத்தில். தீ ஆபத்து, அதற்குத் தீயணைப்பு நிலையம் இருக்கிறது என்பார்கள். கார் ஆபத்து, அதற்குச் சாலை விதி இருக்கிறது என்பார்கள். அந்த மூச்சோடு, இப்போது அணுகுண்டு என்று ஒரு புது ஆபத்து, அதற்கும் தயாராக இருப்போம் என்று வரும். தீ, கார், அணுகுண்டு. சாம்பார், ரசம், மோர் என்று இலையில் வரிசையாக விழுகிற மாதிரி எவ்வளவு வழவழப்பாக வருகிறது பாருங்கள். இந்த இடத்தில் ஒரு பெண், "மிஸ், கார் தானா மோதிடும். குண்டை ஒருத்தர் போடணுமில்ல?" என்றாள். நான் இருபத்தைந்து வருடம் சமூக அறிவியல் எடுத்தவள். எனக்கு அது தோன்றியதில்லை.

இரண்டு, வெளிச்சம். குண்டின் வெளிச்சம் மோசமான வெயில் சுடுவதைவிட மோசமாகச் சுடும் என்று குரல் சொல்லும். வெயிலோடு ஒப்பிட்டதுமே அது பழகிய விஷயம் ஆகிவிடுகிறது. கடற்கரைக்குப் போய்வந்த பிள்ளைக்குத் தெரிந்த எரிச்சல்.

மூன்றாவதுதான் முக்கியம். பெரியவர்கள் எப்போதும் போல நமக்கு உதவுவார்கள் என்று சொல்லிவிட்டு, ஆனால் குண்டு வெடிக்கும்போது பக்கத்தில் பெரியவர்கள் யாரும் இல்லாமல் இருக்கலாம், அப்போது உன்னை நீயே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று அதே இனிமையான குரலில் சொல்வார்கள். இங்கே நிறுத்துங்கள். எங்கள் மாடியில் நான்கு முறையும் இந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. கீழே தெருவில் ஐஸ்காரர் மணி அடித்துக்கொண்டு போனது கேட்டது. ஏழு வயதுப் பிள்ளை ஒன்று 1952-ல் இதைக் கேட்டுவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடந்து போயிருக்கும்.

அடுத்து இரண்டு பத்தி போட்டு ஒரு பட்டியல். இடது பக்கம் படம் சொன்ன சொற்கள், வலது பக்கம் சொல்லாதவை. சாவு என்ற பேச்சு இல்லை, அடிபடும் என்பதோடு நின்றுவிடுகிறது. கதிர்வீச்சு இல்லை. யார் போடுவார்கள், ஏன் போடுவார்கள் என்பது இல்லை. எங்கள் பிள்ளைகள் இன்னும் மூன்று சேர்த்தார்கள்: "தண்ணி", "வீட்டுக்கு எப்படிப் போறது", "அவங்க நாட்டுலயும் குண்டு இருக்கா". கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில் அமெரிக்காவிடம் நூற்றுக்கணக்கில் இருந்தன, சோவியத்திடம் சில பத்துகள். படம் வெளியான அதே 1952-ல், நவம்பர் 1 அன்று, அமெரிக்கா பசிபிக் தீவொன்றில் ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. ஹிரோஷிமா குண்டின் வலு சுமார் 15 கிலோ டன், அதாவது 15,000 டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். இது 10 மெகா டன்னுக்கு மேல், கிட்டத்தட்ட எழுநூறு மடங்கு. மேசையும் செய்தித்தாளும் அப்படியே இருந்தன.

நேரம் இருந்தால் ஒரு பொருளைப் பற்றியும் சொல்லுங்கள். 1950-களின் தொடக்கத்தில் நியூயார்க் பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ளப் பெயர் பொறித்த உலோக வில்லை கொடுத்தார்கள், பட்டாளத்துக்காரருக்குக் கொடுப்பது மாதிரி. எதற்காக அட்டையில் இல்லாமல் உலோகத்தில் என்று கேட்டேன். நனைஞ்சிரும் என்றது ஒரு குரல். கிழிஞ்சிரும் என்றது இன்னொன்று. தம்பி மகன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "எரியாது" என்றான்.

உடனே கேலி செய்யாதீர்கள்

இதற்குள் பிள்ளைகளுக்கு ஆமைமேல் இளக்காரம் வந்திருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான். பிரச்சாரம் என்றால் பொய் என்று பிள்ளை நோட்டில் எழுதிக்கொண்டு எழுந்து போனால், உங்கள் சாயங்காலம் வீண்.

2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே ஒரு விண்கல் வெடித்தது. வானத்தில் கண்ணைப் பறிக்கிற வெளிச்சம். ஜனங்கள் என்னவென்று பார்க்க ஜன்னலுக்கு ஓடினார்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் கழித்துத்தான் அதிர்வலை வந்து சேர்ந்தது. அத்தனை கண்ணாடியும் முகத்தில் தெறித்தது. சுமார் 1,500 பேர் சிகிச்சைக்குப் போனார்கள், பெரும்பாலும் கண்ணாடி கிழித்த காயம். நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவர் மட்டும் தன் வகுப்பில் இருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை மேசைக்கு அடியில் புகச் சொல்லியிருக்கிறார். ஒரு பிள்ளைக்கும் கீறல் இல்லை. நின்றுகொண்டிருந்த அவருக்குத்தான் வெட்டுக்காயம். ஆக, ஆமை சொன்னதில் ஒரு பகுதி நிஜம். வெடிப்புக்குக் கொஞ்சம் தள்ளி இருப்பவருக்கு அது உதவும். நேர் கீழே இருப்பவருக்கு உதவாது. எவ்வளவு தள்ளி என்பதைப் படம் சொல்லவே இல்லை.

இதைக் கையால் செய்து காட்ட எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தீபாவளி இருக்கிறது. தெருக்கோடியில் யாராவது வெடி போடும்போது மாடியில் நின்று பாருங்கள். முதலில் பளிச், அப்புறம்தான் டமார். வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே எண்ணச் சொல்லுங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். வெடிக்கு அது சரியாக வராது, தூரம் போதாது. ஐப்பசி இடி மின்னலுக்கு நன்றாக வரும். வெளிச்சம் கண்டதும் குனி என்று ஏன் சொன்னார்கள் என்பது பிள்ளைக்கு ஒரே இடியில் விளங்கிவிடும்.

எதிர்ப் பக்கத்தையும் காட்டுங்கள்

ஒரு பக்கத்துப் படத்தை மட்டும் காட்டி முடிப்பது நீங்களே ஒரு பிரச்சாரம் செய்வதுதான். அடுத்த சனிக்கிழமையே மறுபக்கம். எனக்கு இதற்கு வேறெங்கும் தேட வேண்டியதில்லை, டிரங்குப் பெட்டியைத் திறந்தால் போதும்.

எங்கள் வீட்டுக்கு 'சோவியத் நாடு' தமிழ்ப் பத்திரிகை தபாலில் வரும். சந்தா மலிவு. அப்பாவுக்கு அரசியல் ஈடுபாடு கொஞ்சம், அச்சு ஈடுபாடு நிறைய. இதழ் வந்ததும் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்து, "நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு எப்படி உக்காந்திருக்கு பாரு" என்பார். படித்து முடித்ததும் அந்த வழவழப்புத் தாள் எங்கள் நோட்டுகளுக்கு அட்டை. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் பாதிப் பிள்ளைகள் டிராக்டரையும் பாலே நடனத்தையும் சுற்றிக்கொண்டுதான் கணக்குப் போட்டோம்.

1983-ல் எனக்குப் பதினோரு வயது. என் அறிவியல் நோட்டின் அட்டையில் ஒரு அமெரிக்கச் சிறுமி சிரித்தாள். சமந்தா ஸ்மித். அவளும் 1972-ல் பிறந்தவள்தான். மெயின் மாநிலத்திலிருந்து, பத்து வயதில், சோவியத் தலைவர் ஆந்திரோபவுக்குக் கடிதம் எழுதினாள். அவர் பதில் எழுதி அழைத்தார். ஜூலையில் பெற்றோரோடு போய்க் கருங்கடல் ஓரத்து ஆர்த்தெக் முகாமில் மற்றப் பிள்ளைகளோடு தங்கினாள். எனக்குப் பொறாமையான பொறாமை. நானும் ஒரு கடிதம் எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "எழுது. என்ன கேக்கப் போற?" என்றார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்கு யார் மேலும் பயம் இல்லை, ஊரில் தண்ணீர்ப் பஞ்சம்தான் இருந்தது.

அதற்குப் பதில் புறா வரைந்தேன். உலக சமாதானம் என்று ஒரு ஓவியப் போட்டி. அலகில் ஆலிவ் கிளை. ஆலிவ் எப்படி இருக்கும் என்று தெரியாததால் வேப்பங்கொத்து வரைந்துவிட்டேன். இரண்டாம் பரிசாக ஒரு பச்சை சோப்பு டப்பா.

இங்கேயும் அதே கேள்விதான். பிள்ளைக்கு என்ன வேலை? கடிதம் எழுது, பாடு, புறா வரை. சரி, அட்டையில் வராதது எது? சமந்தாவின் கடிதத்தில், உலகத்தை, இல்லாவிட்டால் எங்கள் நாட்டையாவது, ஏன் பிடிக்க நினைக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. என் நோட்டு அட்டையில் அவள் சிரிப்பு மட்டும்தான் இருந்தது. 1979 கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த சோவியத் படை அப்போதும் அங்கேதான் இருந்தது. அவள் ஊர் திரும்பி ஆறு வாரத்தில், செப்டம்பர் 1 அன்று, வழிதவறி வந்த கொரியப் பயணி விமானத்தை சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் இறந்தார்கள். ஆர்த்தெக்கில் சமாதானப் பாட்டு பாடிய அதே தலைமுறைக்குப் பள்ளிக் கடைசி வகுப்புகளில் இராணுவப் பயிற்சி ஒரு பாடம்: வாயு முகமூடியை மாட்டுவது, கலாஷ்னிகோவ் துப்பாக்கியைப் பிரித்துக் கோப்பது. சின்னவர்களுக்கு 'சர்னீத்சா' என்று ஒரு போர் விளையாட்டு, 1967-லிருந்து. எனக்கு வந்த இதழ்களில் முகமூடி போட்ட ஒரு பிள்ளையைக்கூட நான் பார்த்ததில்லை.

சமந்தா 1985 ஆகஸ்டில், பதின்மூன்று வயதில், ஒரு சின்ன விமானம் விழுந்து அப்பாவோடு இறந்துபோனாள். சோவியத் அரசு அவளுக்குத் தபால்தலை வெளியிட்டது. இதைச் சொல்லும்போது என் குரல் இன்னமும் கொஞ்சம் மாறும். மாறட்டும் என்று விட்டுவிடுகிறேன். அவளை இரண்டு அரசுகளும் படமாக்கிக்கொண்டன என்பது ஒரு பக்கம். அவள் கேட்ட கேள்வி நேர்மையானது என்பது இன்னொரு பக்கம். பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் புரிகிறது. பெரியவர்களுக்கு விளக்குவதுதான் கஷ்டம்.

பல்

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். விழுந்த பால் பல்லை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். நாங்கள் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிவோம். இப்போதைய பிள்ளைகளுக்குச் சாணியும் கிடைக்காது, கூரையும் கிடையாது. ஒருத்தி சன்ஷேடு மேல் போட்டாளாம்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் 1958 டிசம்பரிலிருந்து பிள்ளைகள் அதை உறையில் போட்டு அனுப்பினார்கள். திறந்தவெளியில் அணுகுண்டு சோதனை நடக்கும்போது ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் காற்றில் கலக்கிறது, மழையோடு புல்லில் இறங்குகிறது, மாடு மேய்கிறது, பாலில் வருகிறது. உடம்பு அதைச் சுண்ணாம்புச்சத்து என்று நினைத்து எலும்பிலும் பல்லிலும் சேர்த்துக்கொள்கிறது. பிள்ளைகளின் பல்லிலேயே அதை அளந்து பார்க்கலாம் என்று உள்ளூர் விஞ்ஞானிகளும் குடிமக்களும் சேர்ந்து தொடங்கினார்கள், லூயிஸ் ரைஸ் என்ற மருத்துவர் தலைமையில். 1970 வரை சுமார் 3,20,000 பற்கள். பல் அனுப்பிய பிள்ளைக்கு, 'என் பல்லை அறிவியலுக்குக் கொடுத்தேன்' என்று எழுதிய ஒரு பொத்தான் பேட்ஜ். சோதனைகள் பெருகப் பெருகப் பல்லிலும் அந்தப் பொருள் பெருகியிருந்தது தெரிந்தது. 1963 ஆகஸ்டில் திறந்தவெளிச் சோதனையைத் தடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானதற்கு வலு சேர்த்தவற்றில் இந்தப் பற்களும் உண்டு.

இதுவும் பிரச்சாரமா? கேட்டுவிட்டு நீங்கள் ஒதுங்கிவிடுங்கள். எங்கள் மாடியில் முக்கால் மணி நேரம் சண்டை. பேட்ஜ் கொடுத்தாலே பிரச்சாரம்தான் என்று ஒரு கட்சி. அனுப்பியதற்குப் பதில் வந்ததே, ஆமைக்கு யார் பதில் சொன்னார்கள் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாம் கட்சி. சொல்லவில்லை.

விட்டுவிடலாம், வேண்டுமானால் வைக்கலாம்

1964 செப்டம்பர் 7 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த அதிபர் ஜான்சனின் தேர்தல் விளம்பரத்தைப் பன்னிரண்டு வயதுக்கு மேலே இருந்தால் காட்டலாம். ஒரு நிமிடம். ஒரு சிறுமி பூவின் இதழைப் பிய்த்துத் தப்புத் தப்பாக எண்ணுகிறாள். ஆண் குரலொன்று தலைகீழாக எண்ணத் தொடங்குகிறது. அவள் கண்ணின் மணிக்குள் குண்டு வெடிக்கிறது. கட்டண விளம்பரமாக ஒரே ஒரு முறைதான் போட்டார்கள். இதில் பிள்ளைக்கு வேலையே இல்லை, பார்க்கிற அப்பா அம்மாவுக்குத்தான் வேலை. பிள்ளை வெறும் தூண்டில் புழு.

காகிதக் கொக்கு மடிக்கலாமா என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். மடிக்கலாம், அதுவும் ஒரு வேலைதான் என்று தெரிந்து மடிக்கலாம். ஹிரோஷிமா குண்டில் சிக்கிப் பின்னால் ரத்தப் புற்றுநோய் வந்து, ஆயிரம் கொக்கு மடித்தால் பிழைக்கலாம் என்று நம்பி மடித்த சிறுமி சடாகோ சசாகி 1955 அக்டோபர் 25 அன்று பன்னிரண்டு வயதில் இறந்தாள். ஆயிரத்தை எட்டாமலே இறந்தாள் என்று ஒரு பிரபலமான கதை. ஆயிரத்தைத் தாண்டினாள் என்று அவள் அண்ணன். ஏன் கதைக்குக் குறைவான எண்ணிக்கை தேவைப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள், ஏழாம் வகுப்புப் பிள்ளை பதில் சொல்லும்.

கடைசிச் சனிக்கிழமை

முடிக்கும் நாளில் ஆளுக்கொன்று கொண்டுவரச் சொல்லுங்கள்: பயம் காட்டி வேலை கொடுக்கிற, இப்போதைய பொருள் ஏதாவது. வாட்ஸ்அப் ஃபார்வர்டு நிறைய வரும். ஒருவன் சைரன் சத்தம் வைத்த வீடியோ கொண்டுவந்தான், பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் நீ இந்தியனே இல்லை என்று. என்ன வேலை என்று கேட்கவே தேவையில்லாமல் போனது. எட்டாம் வகுப்புப் பையன் காலி வெடி டப்பா ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான்.

நீங்களும் ஒன்று வைக்க வேண்டும், உங்கள் வீட்டிலிருந்து. இது இல்லாமல் செய்யாதீர்கள். பிள்ளைகள் மட்டும் பிடிபட்டு நாம் தப்பித்த மாதிரி ஆகிவிடும்.

நான் வைப்பது ஒரு ஓவியம். 1998 மே 11, 13 தேதிகளில் பொக்ரானில் சோதனை நடந்தபோது எனக்கு இருபத்தாறு வயது, ஒரு பள்ளியில் வேலை. எங்கள் தெருவில் லட்டு கொடுத்தார்கள், இரண்டு எடுத்துக்கொண்டேன். ஜூனில் பள்ளி திறந்ததும் ஓவியப் போட்டி வைத்தார்கள். பொறுப்பு என்னிடம்தான். முதல் பரிசு வாங்கிய படத்தில் ஆரஞ்சு கலரில் காளான் மேகம், அதன் உச்சியில் தேசியக் கொடி, கீழே கை தட்டுகிற பிள்ளைகள். யாருக்கும் கழுத்துக்குப் பின்னால் கை இல்லை. வரைந்தவன் ஐந்தாம் வகுப்பு. வெயிலில் கலர் கொஞ்சம் வெளுத்திருக்கிறது.

யார் வரைந்தது, யார் பரிசு கொடுத்தது என்று சொல்லாமல் நடுவில் வைத்தேன். பிள்ளைகள் பழக்கப்படி கைகளைப் பார்த்தார்கள், சொல்லாத சொற்களைப் பட்டியல் போட்டார்கள். ஒருத்தி தாளைத் திருப்பினாள். பின்பக்கம் என் கையெழுத்து, தேதியோடு.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தம்பி மகன்தான் கேட்டான்.

"பரிசு என்ன அத்தை குடுத்தீங்க?"

"சோப்பு டப்பா."

"என்ன கலரு?"

"பச்சை. நான்தான் கடைக்குப் போய் வாங்கினேன்."